வேலை போனால் அப்பீல் எங்கே?

காலை ஐந்தரைக்கே கூடுவாஞ்சேரி ஜி.எஸ்.டி. சாலையோரம் கம்பெனி பஸ்ஸுக்கு ஆட்கள் நிற்கத் தொடங்கிவிடுவார்கள். தெற்கே மறைமலை நகர், சிங்கபெருமாள் கோவில், மஹிந்திரா சிட்டி. மேற்கே ஒரகடம். வடக்கே தாம்பரம் மெப்ஸ். கூப்பிடு தூரத்தில் வல்லாஞ்சேரி எஸ்டான்சியா ஐ.டி. பூங்கா. இந்த வரிசையில் திடீரென்று ஒரு நாள் ஒருவர் குறைவார். முந்தின ஷிப்டில் கேட்டில் அவர் கார்டைத் தேய்த்திருப்பார், கதவு திறந்திருக்காது. "ஹெச்.ஆரைப் பார்த்துட்டு வாங்க" என்று செக்யூரிட்டி கையை விரித்திருப்பார். 'கேட்ல நிறுத்திட்டாங்க' என்று இந்தப் பக்கத்தில் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள்.

அடுத்த வாரம் தொழிற்சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து அவர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணே, ஹைகோர்ட்ல அப்பீல் போட்டா வேலை திரும்பக் கிடைச்சிடும்ல?"

அந்தக் கேள்விக்குள் இரண்டு தவறான நம்பிக்கைகள் இருக்கின்றன. தனியார் கம்பெனி ஊழியர் வேலைநீக்கத்தை எதிர்த்து எடுத்த எடுப்பில் ஹைகோர்ட்டுக்குப் போக முடியாது; தொழிலாளர் நீதிமன்ற வழியாகத்தான் போயாக வேண்டும். அந்த நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன பிறகு, அதை எதிர்த்து அப்பீல் என்று ஒன்று தொழில் தகராறு சட்டத்தில் எழுதப்படவே இல்லை. ஹைகோர்ட்டில் நடப்பது வேறொரு சங்கதி. இது புரியாமல் "கீழே தோற்றாலும் மேலே பார்த்துக்கலாம்" என்று முதல் கட்டத்தைக் கோட்டை விட்டவர்கள் இந்தத் தொழில் வட்டாரத்தில் ஏராளம்.

ஆறு ஆண்டு வாழ்ந்த தீர்ப்பாயம்

அப்பீல் இல்லாமல் போனதற்கு ஒரு கதை உண்டு. சுதந்திர இந்தியாவில் தொழிலாளர் வழக்குகளுக்கென்றே ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருந்தது. 1950இல் தனிச் சட்டம் போட்டு அதை அமைத்தார்கள். பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்நாடிக் மில் வழக்கு ஒன்று 1951இல் அதன் முன் வந்தது. வேலைநீக்கத்தில் நீதிமன்றம் எப்போது தலையிடலாம் என்பதற்கு அங்கே நான்கு வாசல்களைத் திறந்துவைத்தது தீர்ப்பாயம். நிர்வாகத்துக்கு நல்லெண்ணம் இல்லாமை, பழிவாங்கல், இயற்கை நீதி மீறல், சாட்சியத்துக்கு ஒட்டாத முடிவு. நம்மூர் பஞ்சாலை வழக்கில் பிறந்த இந்த நான்கையும் பின்னால் உச்ச நீதிமன்றமும் எடுத்துக்கொண்டது. இன்றைக்கும் வக்கீல்கள் வாதத்தில் இவை வேறு வேறு வேஷத்தில் வந்துகொண்டே இருக்கின்றன.

ஆனால் தீர்ப்பாயம் நிலைக்கவில்லை. கீழே ஜெயித்த தொழிலாளியை முதலாளி மேலே இழுத்தடிக்கத்தான் அது பயன்படுகிறது என்று தொழிற்சங்கங்கள் குரல் எழுப்பின. வங்கி ஊழியர் வழக்கில் அந்தத் தீர்ப்பாயம் தந்த முடிவை அரசே திருத்தியதை எதிர்த்து, 1954இல் மத்தியத் தொழிலாளர் அமைச்சர் பதவியைவிட்டு வி.வி.கிரி விலகினார். 1956இல் சட்டத்தைத் திருத்தித் தீர்ப்பாயத்தையே கலைத்துவிட்டார்கள். தொழிலாளிக்குத் தாமதம் வேண்டாம் என்பதுதான் நோக்கம். அரசியல் சாசனம் ஹைகோர்ட்டுக்குத் தந்திருக்கும் ரிட் அதிகாரத்தை அந்தத் திருத்தம் தொட முடியாது; தாமதம் அந்த வழியாக உள்ளே வந்துவிட்டது. இப்போது ஒரு வேலைநீக்க வழக்கு கடைசி வரை போனால் எத்தனை மாடி ஏறும் என்று எண்ணிப் பார்த்தால், கலைத்ததில் என்ன மிச்சம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

'கேள்வி எதுவும் இல்லை'

முதல் மாடி கம்பெனிக்குள்ளேயே இருக்கிறது. சார்ஜ் மெமோ, அதற்குப் பதில், உள்விசாரணை. விசாரணை அதிகாரி பெரும்பாலும் நிர்வாகம் நியமித்த ஒரு வக்கீலாக இருப்பார். டிரெயினிங் ஹாலிலோ ஏதோ ஒரு ஓட்டல் அறையிலோ மேஜை போட்டு உட்காருவார்கள். சூப்பர்வைசர் சாட்சி சொல்வார்: "இன்ன தேதி, செகண்ட் ஷிப்டில், இவர் மிஷினை நிறுத்திவிட்டு என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினார்." தட்டச்சு செய்பவர் அதை அப்படியே ஏற்றுவார். "குறுக்கு விசாரணை செய்கிறீர்களா?" என்று கேட்பார்கள். எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துப் பழகியவர், ஆங்கிலத்தில் ஓடும் அந்தத் தாளைப் பார்த்துத் திணறி, "எனக்கு ஒண்ணும் கேக்கறதுக்கு இல்ல சார்" என்பார். 'குறுக்கு விசாரணை இல்லை' என்று ஒரு வரி ஏறும். பக்கத்தின் அடியில் கையெழுத்து வாங்குவார்கள். நகல் தருவார்கள், அவரும் மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்.

ஆறு ஆண்டு கழித்து ஹைகோர்ட்டில் நீதிபதி கையில் இருக்கப்போவது அந்தத் தாள்தான். அன்றைக்கு மிஷினில் எண்ணெய் ஒழுகியது, அதைச் சொல்லத்தான் சூப்பர்வைசரைக் கூப்பிட்டோம், பக்கத்து மிஷின்காரர் இரண்டு பேர் பார்த்தார்கள் என்பதெல்லாம் அந்தத் தாளில் இல்லையென்றால் உலகத்தில் எங்குமே இல்லை.

சார்ஜ் மெமோவுக்குக் கோபத்தில் எழுதும் பதிலும் இப்படித்தான். "திட்டினேன், ஆனால் அவர்தான் முதலில் ஆரம்பித்தார்" என்று நியாயம் கேட்பதாக நினைத்து எழுதுவார்கள். நிர்வாகத்தின் வக்கீல் கமாவுக்கு முன்னால் இருக்கும் பாதியை மட்டும் அடிக்கோடிட்டுக் கொள்வார்.

விசாரணைக் காலத்தில் சஸ்பெண்ட் செய்திருந்தால் பிழைப்பூதியம் உண்டு. தமிழ்நாட்டுக்கென்றே 1981இல் ஒரு சட்டம் இருக்கிறது: முதல் 90 நாள் பாதிச் சம்பளம், அடுத்த 90 நாள் முக்கால், 180 நாளைத் தாண்டினால் முழுச் சம்பளம். கேட்காதவருக்கு யாரும் தானாகக் கொண்டுவந்து தருவதில்லை.

2ஏ மனு

வேலைநீக்க உத்தரவு வந்ததும் 'அப்பீல்' போட ஓடுகிறவர் உண்மையில் போட வேண்டியது, தொழிற்சங்கத்தார் வாயில் '2ஏ' என்று வழங்கும் மனு. தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் கொடுப்பது.

அந்த இரண்டு எழுத்துக்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது. தனி ஒரு தொழிலாளியின் வேலைநீக்கம் முன்பெல்லாம் 'தொழில் தகராறு' ஆகாது. சக தொழிலாளர்கள் கணிசமாகத் துணைக்கு வர வேண்டும். 'தி இந்து' நாளிதழின் பம்பாய் செய்தியாளர் ஒருவரின் வேலைநீக்கத்தைப் பம்பாய் பத்திரிகையாளர் சங்கம் எடுத்து நடத்தியபோது, அந்தப் பத்திரிகையின் ஊழியர்கள் போதிய அளவில் ஆதரிக்கவில்லை, ஆகவே இது தொழில் தகராறே அல்ல என்று 1961இல் உச்ச நீதிமன்றம் கையை விரித்தது. 1965இல் 2ஏ பிரிவைச் சேர்த்த பிறகுதான் தனியாள் வழக்கும் வழக்காயிற்று. அதற்குப் பிறகும் அரசு அனுப்பினால்தான் நீதிமன்றம் எடுக்கும் என்ற முட்டுக்கட்டை இருந்தது. சமரசம் முறிந்தால் தொழிலாளியே நேரே தொழிலாளர் நீதிமன்றம் போகலாம் என்று 1988இல் தமிழ்நாடு தனக்கென்று திருத்தம் செய்துகொண்டது. நாடு முழுவதற்கும் அந்த வசதி வர 2010 ஆயிற்று.

சமரசப் பேச்சில் வக்கீல் வர முடியாது. சட்டமே தடுக்கிறது. தொழிற்சங்கத் தோழர்தான் பேசுவார், எதிரே ஹெச்.ஆர். இருப்பார். பல வழக்குகள் இங்கேயே ஒரு தொகைக்கு முடிந்துவிடும். முடியாவிட்டால் முறிவறிக்கை வரும், அதை எடுத்துக்கொண்டு தொழிலாளர் நீதிமன்றம் போகலாம்.

வழக்கின் உயிர் தொழிலாளர் நீதிமன்றத்தில்தான் இருக்கிறது. 1971இல் சேர்த்த 11ஏ பிரிவு இங்கே நீதிபதிக்கு அபூர்வமான அதிகாரம் தந்தது. சாட்சியத்தை அவரே புதிதாக எடைபோடலாம். குற்றம் நிரூபணமானாலும் அதற்கு வேலைநீக்கம் அதிகம் என்று கருதினால் தண்டனையைக் குறைக்கலாம். ஃபயர்ஸ்டோன் டயர் வழக்கில் 1973இல் உச்ச நீதிமன்றம் இந்த அதிகாரத்தை விரிவாக உறுதிசெய்தது. உள்விசாரணை முறையாக நடக்கவில்லை என்று முடிவானால் தொழிலாளி அத்தோடு ஜெயித்துவிட்டதாக எண்ண வேண்டாம். நிர்வாகம் முன்கூட்டியே கேட்டிருந்தால் நீதிமன்றத்திலேயே சாட்சிகளை நிறுத்திக் குற்றத்தை நிரூபிக்க இன்னொரு வாய்ப்பு உண்டு. முதல் சுற்றில் ஜெயித்துவிட்டோம் என்று இனிப்புக் கொடுத்துவிட்டு இரண்டாம் சுற்றில் தோற்றுப்போவது இதனால்தான்.

கடைக்காரருக்கு உண்டு

அப்பீல் என்ற பெயரிலேயே வேலைநீக்கத்துக்கு ஒரு வழி தமிழ்நாட்டில் இருக்கிறது. தொழிற்சாலைக்காரருக்கு அல்ல, ஜவுளிக்கடை, ஓட்டல், அலுவலகம், ஐ.டி. கம்பெனி ஊழியருக்கு. 1947ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆவது பிரிவு இது. தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் (அல்லது அதற்குப் பதில் சம்பளமும்) இல்லாமல் நீக்கக் கூடாது. ஒழுங்கீனம் என்று நீக்கினால் அதற்கு விசாரணை நடத்தியிருக்க வேண்டும். மீறினால் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் அப்பீல் செய்யலாம். கெடு 30 நாள். அவர் முடிவு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும்.

இவ்வளவு எளிய வாசல் இருந்தும் ஐ.டி. ஊழியர்கள் பலருக்கு அது கண்ணில் படுவதில்லை. காரணம், அவர்களை யாரும் நீக்குவதே இல்லை. ராஜினாமா செய்ய வைக்கிறார்கள். "நீங்களா ரிசைன் பண்ணிட்டா எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் நல்லபடியா வரும்" என்று கண்ணாடி அறைக்குள் ஒரு மணி நேரம் பேசினால் முக்கால்வாசிப் பேர் மெயில் அனுப்பிவிடுவார்கள். அந்த மெயிலுக்குப் பிறகு நீக்கம் என்று எதுவும் நடக்கவில்லை, எதிர்த்து அப்பீல் செய்ய உத்தரவும் கையில் இல்லை. கட்டாயப்படுத்தித்தான் எழுதினேன் என்று நிரூபிக்கும் பாரம் எழுதியவர் தலையில் விழுகிறது.

எதிர்த்து நின்றவர்களும் உண்டு. டி.சி.எஸ். நிறுவனத்தில் 2015இல் வேலைநீக்கம் செய்யப்பட்ட ஒருவர் சென்னை தொழிலாளர் நீதிமன்றம் போனார். அவர் மேலாளர் நிலையில் இருந்தவர், தொழிலாளி என்ற வரையறைக்குள் வரமாட்டார் என்று நிறுவனம் வாதிட்டது. பதவிப் பெயரைவிட அன்றாடம் செய்யும் வேலை என்ன என்பதுதான் இந்த வரையறைக்கு உரைகல். அவரை மீண்டும் வேலையில் சேர்த்து, முழுச் சம்பளமும் பணித்தொடர்ச்சியும் தர நீதிமன்றம் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. ஏழு ஆண்டு. அதுவும் முதல் நீதிமன்றத்துக்கு மட்டும்.

ஹைகோர்ட்டில் என்ன நடக்கும்?

தொழிலாளர் நீதிமன்றத் தீர்ப்பில் தோற்றவர் ஹைகோர்ட்டில் ரிட் மனு போடுவார். அரசியல் சாசனம் 226, 227ஆவது பிரிவுகள். தனி நீதிபதி விசாரிப்பார். சூப்பர்வைசர் பொய் சொன்னாரா, எண்ணெய் ஒழுகியதா என்று அவர் பார்க்க மாட்டார். கீழ் நீதிமன்றம் தன் அதிகார எல்லைக்குள் நடந்ததா, சட்டத்தில் வெளிப்படையான பிழை செய்ததா, சாட்சியமே இல்லாமல் முடிவுக்கு வந்ததா என்பதோடு அவர் வேலை முடிகிறது. தீர்ப்பு தனக்கு உடன்பாடில்லை என்பதற்காக அவர் மாற்றி எழுதக் கூடாது. பல தொழிலாளர்கள் நொந்துபோவது இந்த இடத்தில்தான். "ஜட்ஜ் என் கதையையே கேக்கலண்ணே." ஆமாம். அந்த வேலை அவருக்குக் கொடுக்கப்படவில்லை.

பிரிட்டனில் நம்மைப்போல் கலைக்காமல் வேலைவாய்ப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஒன்றை இன்றும் வைத்திருக்கிறார்கள். 42 நாள் கெடு. அங்கேயும் சட்டப் பிழை மட்டும்தான் எடுபடும், சாட்சியை மறுபடி கூப்பிட மாட்டார்கள். ஆக, தனித் தீர்ப்பாயம் இருந்தாலும் கதை கேட்பது கீழேதான்.

தனி நீதிபதியிடம் தோற்றால் 30 நாளுக்குள் இரண்டு நீதிபதிகள் அமர்வுக்கு ரிட் அப்பீல். விக்டோரியா மகாராணி காலத்தில், 1865இல் தந்த 'லெட்டர்ஸ் பேட்டன்ட்' ஆவணத்தின் 15ஆம் ஷரத்தைக் காட்டித்தான் சென்னையில் இன்றும் இந்த அப்பீலைத் தாக்கல் செய்கிறார்கள். அந்த ஷரத்து, 227இன் கீழ் மட்டும் பிறப்பித்த உத்தரவை எதிர்த்து அப்பீலை அனுமதிக்காது. மனுவின் தலைப்பில் எந்தப் பிரிவைப் போடுகிறோம் என்பதற்கு அவ்வளவு விலை. அதற்கும் மேலே, 90 நாளுக்குள் உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு. பெயரே சொல்கிறது, அனுமதி கிடைத்தால்தான் வழக்கு. ஒரே வரியில் தள்ளுபடி ஆவதே வழக்கம்.

ஜெயித்த தொழிலாளியை முதலாளி ஹைகோர்ட்டுக்கு இழுத்தால்? இங்கேதான் 17பி பிரிவு கைகொடுக்கிறது. மறுபடி வேலையில் சேர்க்கச் சொன்ன தீர்ப்பை எதிர்த்து நிர்வாகம் மேலே போனால், வழக்கு நடக்கும் காலம் முழுக்கக் கடைசியாக வாங்கிய சம்பளத்தை மாதாமாதம் தர வேண்டும். வேறெங்கும் வேலை பார்க்கவில்லை என்று தொழிலாளி பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தால் போதும். ஆனால் அந்தக் 'கடைசியாக வாங்கிய' என்பதில் ஒரு முள். நீக்கிய அன்று வாங்கிய தொகைதான் கணக்கு, இடையில் வந்த சம்பள உயர்வெல்லாம் சேராது என்று தேனா வங்கி வழக்கில் 1997இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2012இல் 9,000 ரூபாய் வாங்கியவர் 2025இலும் 9,000 ரூபாயில்தான் குடும்பம் நடத்த வேண்டும். ஊரப்பாக்கத்தில் ஒற்றைப் படுக்கையறை வீட்டு வாடகைக்கு அது போதுமா என்று எந்தப் பிரிவிலும் எழுதவில்லை.

பின்சம்பளத்தில் நிலைமை கொஞ்சம் மேல். நீக்கம் தவறு என்றால் முழுப் பின்சம்பளம் என்பதே பொது விதி என்று, மகாராஷ்டிர ஆசிரியை ஒருவரின் வழக்கில் 2013 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இடைக்காலத்தில் வருமானமில்லை என்று தொழிலாளி சொல்லிவிட்டால், இருந்தது என்று காட்ட வேண்டியது நிர்வாகம். அதைச் சொல்ல மறந்து பின்சம்பளத்தைப் பாதியாக இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

தாமதம் மட்டும் மன்னிக்கப்படுவதில்லை. சென்னைக் குடிநீர் வாரிய ஊழியர் ஒருவரை மீண்டும் பணியில் சேர்க்கச் சொன்ன ஹைகோர்ட் உத்தரவை உச்ச நீதிமன்றம் 2014இல் ரத்து செய்தது. முக்கியக் காரணங்களில் ஒன்று, பணிநீக்கத்தை எதிர்த்து அவர் நான்கு ஆண்டு கழித்து வந்தது.

எந்த வாசல் என்பதே வழக்கின் விதியை மாற்றிவிடும் என்பதைத் தமிழ்நாடு 2003 ஜூலையில் பார்த்தது. வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் சுமார் 1.7 லட்சம் பேர் ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போங்கள் என்றது ஹைகோர்ட் அமர்வு. இத்தனை லட்சம் பேரை அந்தச் சின்னத் தீர்ப்பாயம் எப்படித் தாங்கும், ஹைகோர்ட்டே கேட்டிருக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். வேலைநிறுத்த உரிமை கிடையாது என்று அதே தீர்ப்பில் சொன்னதுதான் பலருக்கும் நினைவிருக்கிறது. வாசலைப் பற்றிச் சொன்னது மறந்துபோயிற்று.

புதிய சட்டம்

2025 நவம்பர் 21 முதல் தொழில் தகராறு சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. மேலே சொன்ன கட்டமைப்பு பெரிதாக மாறவில்லை. தனியாள் வேலைநீக்கம் இதிலும் தொழில் தகராறுதான், தண்டனையைக் குறைக்கும் அதிகாரமும் உண்டு, தீர்ப்பை எதிர்த்து அப்பீல் இதிலும் இல்லை. தொழிலாளி என்ற வரையறைக்குள் வர மேற்பார்வையாளருக்கான சம்பள வரம்பு 10,000 ரூபாயிலிருந்து 18,000 ரூபாயாகியிருக்கிறது. கெடுதான் குறைந்திருக்கிறது. பழைய சட்டத்தில் நீக்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டு வரை நீதிமன்றம் போக முடிந்தது. தொகுப்பின்படி, தகராறு எழுந்து இரண்டு ஆண்டு தாண்டிவிட்டால் சமரச அலுவலர் பேச்சுவார்த்தை நடத்த முடியாது. அவர் அறிக்கை வந்த 90 நாளுக்குள், தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் பதிலாக வரும் தீர்ப்பாயத்தில் மனு போட்டாக வேண்டும். "பேசிட்டு இருக்காங்க, பார்க்கலாம்" என்று ஓராண்டு கடத்துவது இனி கட்டுப்படியாகாது.

இதைப் படிப்பவர்களில் யாரையாவது நாளைக் காலை கேட்டில் நிறுத்தினால் செய்ய வேண்டியது இவ்வளவுதான். வேலைக்கு வந்தேன், உள்ளே விடவில்லை என்று அன்றைக்கே எழுதி நிர்வாகத்துக்கு அனுப்புங்கள், மெயிலிலும் தபாலிலும். பதிவுத் தபால் 2025இல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டதால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், ராஜினாமாவை அவசரத்தில் எழுதாதீர்கள். சார்ஜ் மெமோவுக்குப் பதில் எழுதுமுன் ஒரு தொழிற்சங்கத் தோழரிடமோ வக்கீலிடமோ காட்டுங்கள். விசாரணையில் கேள்வி கேளுங்கள், கேட்டது தாளில் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று பின்வாங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவில், இலவச வக்கீல் கேட்கும் உரிமை உள்ளவர்கள் பட்டியலில் தொழிற்சாலைத் தொழிலாளியும் இருக்கிறார். வருமானம் எவ்வளவு என்று கேட்க மாட்டார்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்தில் மனு கொடுக்கலாம், 15100 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம்.